நிறத்தின் ஆழம்: கட்டற்ற கணினித் திரைக்கு நூறு கோடி நிறங்கள் வந்த வரலாறு

முன்னுரை

சமண நூல்கள் உயிரின் மனநிலையை ஆறு நிறங்களாக வகுத்துச் சொல்கின்றன. இதற்கு லேசியை என்று பெயர். கருமை, நீலம், கபோதம், பொன்மை, பதுமம், வெண்மை என்பன அந்த ஆறு. முதல் மூன்றும் தீயவை, பின் மூன்றும் நல்லவை. இவற்றுள் மூன்றாவதாகிய கபோதம் என்பது புறாவின் நிறம், அதாவது சாம்பல். கருமைக்கும் வெண்மைக்கும் இடையில் நின்று, ஒவ்வொரு படியாக மாறும் நிறம் அது. ஒரு புறாவின் கழுத்தைக் காலை வெயிலில் பார்த்தவர்களுக்குச் சாம்பலுக்குள் எத்தனை சாம்பல் இருக்கிறது என்பது தெரியும்.

இந்தக் கபோதத்தைக் கணினித் திரையில் படி தெரியாமல் காட்ட முடியுமா என்பதே இக்கட்டுரையின் விஷயம். முடியும். ஆனால் லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களில் அதைச் செய்து முடிக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்த நாற்பது ஆண்டு வரலாற்றில் நம்ம பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு. மென்பொருள் நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டால் விடை சொல்லத் தெரியவில்லை. அந்தக் குறையில் ஒரு சிறு பகுதியாவது தீரட்டும் என்றே இதை எழுதுகிறேன். நான் கணினிப் படிப்பு படித்தவன் அல்லன். சிக்பேட்டையில் பட்டு வியாபாரம் செய்பவன். நிறத்தோடு மல்லுக்கட்டியே ஆயுள் போனதால் இந்த விஷயம் என்னை விடவில்லை.

1. பிட் என்பது வீசக் கணக்கு

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் படித்த கீழ்வாய் இலக்கம் நினைவிருக்கிறதா? ஒன்றைப் பாதியாக்கினால் அரை. அரையைப் பாதியாக்கினால் கால். காலைப் பாதியாக்கினால் அரைக்கால். அதையும் பாதியாக்கினால் மாகாணி, அதாவது வீசம், பதினாறில் ஒன்று. வீசத்திலும் பாதி அரைவீசம், முப்பத்திரண்டில் ஒன்று. கணினிக்காரர்கள் பிட் என்று சொல்வது இந்தப் பாதியாக்கும் வேலையைத்தான். நாலு தடவை பாதியாக்கினால் 4 பிட், 16 படி. எட்டுத் தடவை என்றால் 8 பிட், 256 படி. பத்துத் தடவை என்றால் 10 பிட், 1,024 படி. அவ்வளவுதான்.

திரையில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலப்பு. ஒவ்வொரு ஒளியையும் எத்தனை படியாகப் பிரிக்கிறோமோ அதுவே நிறத்தின் ஆழம். மூன்றுக்கும் தலா 8 பிட் கொடுத்தால் மொத்தம் 24 பிட். கிடைக்கும் நிறங்கள் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216. தலா 10 பிட் கொடுத்தால் மொத்தம் 30 பிட். நிறங்கள் 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824.

இதைக் கேட்டதும் எல்லாரும் ஒரு கேள்வி கேட்பாங்க: "ஒன்றரைக் கோடி நிறமே மனுஷக் கண்ணுக்கு அதிகம், நூறு கோடி எதுக்கு?" நியாயமான கேள்விதான். விடை நம்ம கபோதத்தில் இருக்கிறது. சாம்பல் வரவேண்டுமானால் மூன்று ஒளியும் சம அளவில் சேர வேண்டும். ஆகவே 24 பிட்டில் கோடிக்கணக்கான நிறம் இருந்தாலும் சுத்தமான சாம்பல் 256 மட்டுமே. 30 பிட்டில் 1,024. மாலை வானம், இருட்டறைச் சுவர், எக்ஸ்ரே படம், பனைஓலைச் சுவடி ஆகியவற்றில் நிறம் மெல்ல மெல்ல மாறும். அங்கே 256 படி போதாமல் திரையில் கோடு கோடாகப் பட்டை விழும். மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரத்தில், மிக மங்கிய ஒளி முதல் மிகப் பிரகாசமான ஒளி வரை மனிதக் கண் வேறுபடுத்தக்கூடிய சாம்பல் படிகளை 1,023 என்று கணக்கிட்டு வைத்துள்ளனர். சாதாரணத் திரை அந்த எல்லை முழுவதையும் எட்டாது என்பது உண்மை. ஆனாலும் பத்துப் பிட் என்பது ஆடம்பரத்துக்காக ஏற்பட்டதன்று என்பது இதனால் விளங்கும்.

2. எக்ஸ் பிறந்த கதை

1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் பாப் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் ஒரு சன்னல் அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். அதற்கு 'எக்ஸ்' என்று பெயர். 1987 செப்டம்பரில் அதன் 11ஆம் பதிப்பு வந்தது. அந்தப் பதினொன்றே இன்றுவரை வழக்கில் இருக்கிறது. கணினியில் சன்னல், அம்புக்குறி, எழுத்து, படம் என்று எதைக் காண்பதானாலும் யூனிக்ஸ் வகைக் கணினிகளில் எக்ஸ் வழியாகத்தான் காண வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

அதே 1987ல் ஐ.பி.எம். நிறுவனம் வி.ஜி.ஏ. என்ற திரைத் தரத்தைக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு ஒளிக்கும் 6 பிட். மொத்தம் 2,62,144 நிறங்கள். ஆனால் ஒரே நேரத்தில் திரையில் காட்டக்கூடியவை 256 மட்டும், அதுவும் சிறிய அளவுப் படத்தில். கடையில் இரண்டரை லட்சம் சாயம் இருக்கிறது, நமக்குக் கொடுத்தது 256 கிண்ணம். எதை வேண்டுமானாலும் ஊற்றிக்கொள், ஆனால் கிண்ணம் அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டை அறிந்துகொண்டால் பின்னால் வந்த தொல்லைகள் எல்லாம் விளங்கும்.

1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். 1992ல் சாதாரணப் பி.சி.களில் எக்ஸ் ஓடுவதற்காக எக்ஸ்ஃப்ரீ86 என்ற குழு உருவானது. நான்கு பேர் தொடங்கியது. லினக்ஸ் வீட்டுக் கணினிக்குள் சன்னலோடு நுழைந்தது இவர்கள் போட்ட பாதையில்தான்.

3. பெங்களூருக்கு வந்தது

1996ல் பிசி க்வெஸ்ட் இதழ் லினக்ஸ் குறுந்தகட்டை வாசகர்களுக்கு இதழோடு சேர்த்தே கொடுத்தது. இந்தியாவில் பலர் லினக்ஸை முதலில் கண்ணால் கண்டது அதில்தான். அம்முயற்சியின் பின்னால் இருந்தவர் பெங்களூர்வாசியான அதுல் சிட்னிஸ். பின்னர் 2001ல் லினக்ஸ் பெங்களூர் என்ற மாநாட்டை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியவரும் இவரே. 2005ல் அது ஃபாஸ்.இன் என்று பெயர் மாறி 2012 வரை நடந்தது. உலகெங்கிலும் கெர்னல் எழுதுபவர்கள் இங்கே வந்து பேசிப் போனார்கள். வந்து கேட்பவர்களாக மட்டும் இருக்காதீர்கள், எழுதுபவர்களாக மாறுங்கள் என்பதே அம்மாநாட்டின் ஓயாத வற்புறுத்தலாக இருந்தது. சிட்னிஸ் 2013ல் மறைந்தார்.

அந்தக் காலத்துத் தொல்லையை என் கடை அனுபவத்தாலேயே சொல்கிறேன். 1999ல் எஸ்.பி. ரோட்டில் உதிரி பாகம் வாங்கிச் சேர்த்துக் கட்டிய ஒரு பென்டியம் கணினியைக் கடைக்கு வைத்தோம். குறுந்தகட்டில் வந்த லினக்ஸைப் போட்டேன். மயில்கழுத்துப் புடவை ஒன்றின் படத்தைத் திறந்தேன். பாவில் நீலம், ஊடையில் பச்சை, திருப்பினால் நிறம் மாறும் புடவை அது. திரையில் தேமல் பிடித்த மாதிரி இருந்தது. பச்சைத் திட்டு, நீலத் திட்டு, இடையில் சம்பந்தமில்லாத சாம்பல் புள்ளிகள். அது மட்டுமா? நெட்ஸ்கேப் சன்னலைச் சொடுக்கினால் மற்ற சன்னல் எல்லாம் ஊதாவும் மஞ்சளுமாக மாறிவிடும். இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் கெடும்.

எஸ்.பி. ரோட்டில் உதிரி பாகம் விற்கும் பையன் ஒருவன் காரணம் சொன்னான். என்னை அவன் 'சேட்டு' என்றே அழைப்பான். ஜைனர் என்றால் மார்வாடி என்று இங்கே எண்ணம். திண்டிவனம் பக்கத்து நயினார் நான் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "சேட்டு, கார்டுல மெமரி ஒரே எம்.பி. 256 கலருக்கு மேல கேட்டா எங்கேர்ந்து வரும்?" என்றான். அவன் சொன்னது சரியான கணக்கு. 1024க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தப் புள்ளி 7,86,432. புள்ளிக்கு ஒரு பைட் என்றால் ஒரு எம்.பி.க்குள் அடங்கும்; நிறம் 256. புள்ளிக்கு இரண்டு பைட் என்றால் 15,72,864 பைட், இரண்டு எம்.பி. கார்டு வேண்டும், நிறம் 65,536. மூன்று பைட் என்றால் 23,59,296, இரண்டு எம்.பி.யும் போதாது. நிறத்தின் ஆழம் அன்று முழுக்க முழுக்கப் பணக்கணக்கு.

சன்னல்கள் நிறம் மாறியதற்கும் காரணம் அந்த 256 கிண்ணம்தான். நெட்ஸ்கேப் ஒன்றே 216 நிறங்களைக் கேட்கும். மீதி 40 கிண்ணத்தில் மற்றவர்கள் எல்லாம் சமாளிக்க வேண்டும். சமாளிக்க முடியாத மென்பொருள் தனக்கென்று வேறு 256 நிறத்தை ஊற்றிக்கொள்ளும். அந்தச் சன்னலில் இருக்கும்வரை மற்றவை எல்லாம் தவறான நிறத்தில் தெரியும்.

கார்டை மாற்றினேன். அப்போதும் தானாக வரவில்லை. எக்ஸ்ஃப்ரீ86இன் அமைப்புக் கோப்பைத் திறந்து, எந்த ஆழத்தில் தொடங்க வேண்டும் என்று ஒரு வரி எழுத வேண்டும். திரையின் அலைவேக எல்லையையும் கையாலேயே எழுத வேண்டும். தவறாக எழுதினால் பழைய திரைகள் பழுதாகக்கூடும் என்று அந்த ஆவணங்களிலேயே எச்சரிக்கை இருந்தது. மூன்று ராத்திரி போனது. நாலாவது நாள் 16 பிட்டில் மயில்கழுத்து தேமல் நீங்கி வந்தது. 16 பிட்டில் சிவப்புக்கு 5, நீலத்துக்கு 5, பச்சைக்கு மட்டும் 6 பிட் கொடுத்திருப்பார்கள். மனிதக் கண் பச்சையில்தான் நுட்பமான பேதத்தை அதிகம் உணரும் என்பதால். சிவப்புக்கும் நீலத்துக்கும் அரைவீசம் வரைதான் போனார்கள் என்று சொல்லலாம்.

அதே காலத்தில் இந்நகரில் வேறொரு முயற்சியும் நடந்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை வடிவமைத்தனர். லினக்ஸில் ஓடும் கருவி. எளியவர்க்கு விலை எட்டவேண்டும் என்பதால் அதன் முதல் வடிவமைப்பில் நிறமற்ற கறுப்பு வெள்ளைத் திரையே இருந்தது. 2004ல் அமிடா என்ற பெயரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறம் அன்று எவ்வளவு செலவான பொருள் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

4. ஏழு வாசல்

2004ல் உரிம நிபந்தனை பற்றிய பூசலால் எக்ஸ்ஃப்ரீ86 உடைந்தது. பெரும்பாலோர் எக்ஸ்.ஆர்க் அமைப்புக்கு மாறினர். அதற்குள் கார்டுகளில் மெமரி பெருகிவிட்டது. 24 பிட் என்பது எல்லாருக்கும் கிடைக்கும் சாதாரண விஷயமாயிற்று. 2006ல் எச்.டி.எம்.ஐ. 1.3 கம்பித் தரம் 30, 36, 48 பிட் நிறங்களைக் கடத்த வழிசெய்தது. டிஸ்ப்ளேபோர்ட் கம்பியும் அதே ஆண்டு வந்தது. ஆக, கம்பி வந்துவிட்டது, கார்டு வந்துவிட்டது. பத்துப் பிட் திரைகளும் விலைக்கு வந்தன. இருந்தும் லினக்ஸில் சாதாரண மனிதனுக்கு முப்பது பிட் எளிதில் கிடைக்க மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. ஏன்?

படம் கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் வழியில் ஏழு வாசல்கள் இருக்கின்றன. படத்தைத் திறக்கும் மென்பொருள், வரைகலை நூலகம், சன்னல் அமைப்பு, கெர்னலில் உள்ள இயக்கி, கார்டு, கம்பி, கடைசியில் திரைப்பலகை. ஏழில் ஒன்று 8 பிட்டாக இருந்தாலும் முடிவில் கிடைப்பது 8 பிட்தான். பத்து ஆழாக்குப் பால் ஊற்றினாலும் படிக்கு எட்டு ஆழாக்குத்தானே கொள்ளளவு.

முதல் வாசலை எடுத்துக்கொள்வோம். கட்டற்ற உலகின் பெயர்பெற்ற படத்திருத்தியான கிம்ப், ஒளிக்கு 8 பிட் என்ற வரம்பிலேயே நெடுங்காலம் இருந்தது. திரைப்படத் தொழிலுக்கு அது போதவில்லை என்று 1998 வாக்கிலேயே ரிதம் அண்ட் ஹ்யூஸ் போன்ற நிறுவனங்களின் துணையோடு ஃபிலிம் கிம்ப் என்ற தனிக்கிளை தோன்றியது. மூல மரத்தில் அந்த வசதி வந்தது 2018 ஏப்ரலில், 2.10 பதிப்பில். இருபது ஆண்டுகள்.

மூன்றாவது வாசலாகிய எக்ஸில் சிக்கல் வேறு. 24 பிட் நிறத்தை 32 பிட் பெட்டியில் வைப்பது வழக்கம். மீதி 8 பிட்டில் 'இந்தச் சன்னல் எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும்' என்ற கணக்கை எழுதுவார்கள். நிறத்துக்கே 30 பிட் கொடுத்துவிட்டால் மிச்சம் 2 பிட், நாலே படி. மென்மையான நிழலும் ஊடுருவலும் கெட்டுப்போகும். மேலும் பல மென்பொருள்கள் ஒளிக்கு 8 பிட் என்று எழுதாமலே ஊகித்துக்கொண்டு எழுதப்பட்டவை. அமைப்புக் கோப்பில் ஆழம் 30 என்று போட்டால் சில தவறான நிறம் காட்டும். சில எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஆகவே முப்பது பிட் 'இருக்கிறது, ஆனால் உபயோகிக்க முடியாது' என்ற நிலையில் பல ஆண்டு கிடந்தது.

நாலாவது வாசல் இயக்கி. இங்கேதான் பெரிய பூட்டு. கார்டு செய்யும் நிறுவனங்கள் தங்கள் சில்லு எப்படி வேலை செய்கிறது என்ற விவரத்தை வெளியிடவில்லை. என்விடியா தன் மூடிய இயக்கியில், விலை உயர்ந்த க்வாட்ரோ கார்டுகளுக்கு மட்டும் 2010 வாக்கிலேயே முப்பது பிட் கொடுத்துவிட்டது. கட்டற்ற இயக்கி எழுதியவர்கள் சில்லைத் தட்டிப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 2007ல் ஏ.எம்.டி. தன் கார்டுகளின் ஆவணங்களை வெளியிட முன்வந்தது ஒரு திருப்புமுனை. 2009ல் வெளியான 2.6.29 கெர்னலில், திரையை அமைக்கும் பொறுப்பு இன்டெல் கார்டுகளுக்கு எக்ஸின் கையிலிருந்து கெர்னலுக்கு மாறியது. அமைப்புக் கோப்பைக் கையால் எழுதும் காலமும் மெல்ல முடிந்தது. என்விடியா தன் கெர்னல் பகுதியைத் திறந்தது 2022 மே மாதம்தான்.

இந்தத் தடைகளைத் தள்ளியவர்கள் யார் என்பது சுவையான செய்தி. 2017, 2018 ஆண்டுகளில் மேசா வரைகலை நூலகத்தில் முப்பது பிட் சேர்க்கப்பட்டபோது, அதில் முக்கியமான வேலை சைக்டூல்பாக்ஸ் என்ற மென்பொருளின் பக்கத்திலிருந்து வந்தது. அது விளையாட்டு மென்பொருள் அன்று. மனிதக் கண் எந்த அளவு மெல்லிய பேதத்தை உணர்கிறது என்று ஆராயும் விஞ்ஞானிகள் பயன்படுத்துவது. கண்ணின் எல்லையை அளக்க வேண்டுமானால் திரையின் எல்லை அதைவிட நுட்பமாக இருக்க வேண்டும் அல்லவா? தேவை உள்ளவன் தானே வந்து எழுதினான்.

ஏழாவது வாசலாகிய திரைப்பலகையில் நடக்கும் கலப்படத்தையும் சொல்லிவிட வேண்டும். விலை குறைந்த மடிக்கணினித் திரைகள் பல ஒளிக்கு 6 பிட் மட்டுமே கொண்டவை. அதாவது 2,62,144 நிறம், 1987ன் வி.ஜி.ஏ. கணக்கேதான். இரண்டு பக்கத்துப் படிகளை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி, இடைப்பட்ட நிறம் போலக் கண்ணை ஏமாற்றுவார்கள். விளம்பரத் தாளில் 1 கோடியே 67 லட்சம் என்பதற்குப் பதில் 1 கோடியே 62 லட்சம் என்று இருந்தால் இந்த வித்தை நடந்திருக்கிறது என்று அறிக. பத்துப் பிட் என்று விற்கப்படும் திரைகளிலும் பல, எட்டோடு இந்த வித்தையைச் சேர்த்தவையே.

5. வேலாண்டும் நம் ஊர்ப் பொறியாளரும்

பழைய வீட்டைப் பழுது பார்த்துக்கொண்டே இருப்பதைவிடப் புதிதாகக் கட்டிவிடலாம் என்ற எண்ணத்தில் 2008ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் வேலாண்ட் என்ற புதிய சன்னல் அமைப்பைத் தொடங்கினார். 2012ல் அதன் 1.0 பதிப்பு வந்தது. எக்ஸில் திரை முழுவதற்கும் நடைமுறையில் ஒரே ஆழம். வேலாண்டில் ஒவ்வொரு சன்னலும் தன் படத்தைத் தனக்கேற்ற ஆழத்தில் கொடுக்கலாம். அனைத்தையும் சேர்த்து ஒரு திரையாக்குவது அமைப்பின் பொறுப்பு. கொள்கை அளவில் சிக்கல் தீர்ந்தது. ஆனால் பத்துப் பிட் படமும் எட்டுப் பிட் படமும் ஒரே திரையில் அடுத்தடுத்து நிற்கும்போது, எது எவ்வளவு பிரகாசம், யாருடைய சிவப்பு எந்தச் சிவப்பு என்று சொல்லிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். அந்த மொழியை வகுக்கும் விவாதம் ஐந்து ஆண்டுகள் நடந்து, 2025 பிப்ரவரியில்தான் வேலாண்டின் நெறிமுறைகளில் இடம்பெற்றது.

இதற்கு அடித்தளமான கெர்னல் வேலையில் பெங்களூர் வருகிறது. 2016ல் வெளிவந்த 4.6 கெர்னலில், திரையின் நிறத்தைக் கார்டிலேயே திருத்தும் வசதி சேர்ந்தது. 2019ல் 5.3 கெர்னலில், படத்தின் பிரகாச எல்லையைத் திரைக்குச் சொல்லி அனுப்பும் எச்.டி.ஆர். வசதி இன்டெல் கார்டுகளுக்குச் சேர்ந்தது. இவ்விரண்டிலும் இன்டெலின் பெங்களூர்ப் பொறியாளர்களின் உழைப்பு இருக்கிறது. அவர்கள் எழுதிய திருத்தங்கள் அவரவர் பெயரோடு கெர்னல் பதிவேட்டில் உள்ளன. யாரும் போய்ப் பார்க்கலாம். நம் பக்கத்து வீட்டில் குடியிருப்பவராகக்கூட இருக்கலாம், நமக்குத்தான் தெரியாது.

அதன்பின் வேகம் கூடியது. 2023 ஏப்ரலில் செக் நாட்டின் புர்னோ நகரில், ரெட் ஹாட் அலுவலகத்தில், பல நிறுவனத்தாரும் ஒன்றுகூடி எச்.டி.ஆர். பற்றியே உட்கார்ந்து பேசினர். 2024 பிப்ரவரியில் கே.டி.இ. பிளாஸ்மா 6 சோதனை முயற்சியாக எச்.டி.ஆர். கொடுத்தது. 2025 மார்ச்சில் க்னோம் 48 கொடுத்தது. மேக் கணினிகளில் பத்துப் பிட் 2015லேயே வந்துவிட்டது என்பதையும் மறைக்கக்கூடாது. ஒரே முதலாளி ஏழு வாசலுக்கும் சாவி வைத்திருந்தால் திறப்பது சுலபம். இங்கே ஏழு சாவியும் ஏழு பேரிடம். தாமதத்துக்குப் பெரும் காரணம் அதுவே.

6. ஆழம் வேறு, ஒப்பு வேறு

ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுகிறேன். நானே அந்தத் தவற்றைச் செய்து நஷ்டப்பட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு எம்.எஸ். நீலம் என்று நாம் சொல்லும் பட்டுக்குத் திரைப்படம் பார்த்து ஆர்டர் எடுத்தோம். சரக்கு போனதும், படத்தில் இருந்த நிறம் இதுவல்ல என்று திருப்பி அனுப்பிவிட்டார். பத்துப் பிட் திரை வாங்கினால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை.

ஆழம் என்பது ஏணியில் எத்தனை படி என்பது. ஏணி எவ்வளவு உயரம், எந்தச் சுவரில் சாய்த்திருக்கிறது என்பது வேறு கணக்கு. திரை காட்டக்கூடிய நிற எல்லையும், அந்த நிறம் உண்மைப் பொருளோடு ஒத்திருப்பதும் தனித்தனி. ஒப்புக்கு வழி, அளவுகருவியை வைத்துத் திரையை அளந்து, அதன் குறைகளை ஒரு கோப்பாக எழுதி வைப்பது. இதற்கும் கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன: 1998ல் தொடங்கிய லிட்டில் சி.எம்.எஸ்., அளப்பதற்கான ஆர்ஜில், 2011ல் க்னோமில் சேர்ந்த கலர்டி. இப்போது நாங்கள் திரையை அளந்து வைத்திருக்கிறோம். அதோடு ஒரு நூல் துண்டையும் தபாலில் அனுப்பிவிடுகிறோம். நூலுக்கு மிஞ்சிய தரக்கோப்பு கிடையாது.

7. நமக்கு இதனால் ஆவதென்ன?

புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசலில் அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். கி.பி. 9ஆம் நூற்றாண்டு, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம். மீனும் அன்னமும் யானையும் பூப்பறிக்கும் துறவியரும் அதில் உண்டு. காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பச்சை மண், புகைக்கரி, சுண்ணாம்பு வெள்ளை என்று சில நிறங்களே. ஆயிரத்து நூறு ஆண்டில் வண்ணம் மங்கி, இலைப் பச்சைக்கும் பின்புலத்துக்கும் இடையே இன்று மிஞ்சியிருக்கும் பேதம் மிகச் சிறிது. காஞ்சிபுரத்துத் திருப்பருத்திக்குன்றத்து விதான ஓவியங்களுக்கும் இதே கதி. பனைஓலைச் சுவடியோ பழுப்பின்மேல் பழுப்பு.

இவற்றைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றி வைக்கும் வேலை பல இடங்களில் நடக்கிறது. படம் எடுக்கும்போதே 8 பிட்டாகச் சுருக்கி ஜேபெக் கோப்பாக வைத்துவிட்டால், இருட்டுப் பகுதியில் இருந்த மெல்லிய பேதம் அங்கேயே அழிந்துவிடுகிறது. பின்னால் எவ்வளவு நல்ல திரை வந்தாலும் இல்லாததைக் காட்டாது. சுவரில் அந்த வண்ணம் மேலும் மங்கிய பிறகு நமக்கு மிஞ்சப்போவது அந்தக் கோப்பு மட்டும்தான். ஆகவே நண்பர்களே, உங்கள் ஊர்க் கோயில் ஓவியத்தையோ வீட்டுச் சுவடியையோ படமெடுத்தால், கேமராவின் மூலக்கோப்பை அழிக்காதீர்கள். ஒளிக்கு 16 பிட் கொண்ட டிஃப் கோப்பாக ஒரு பிரதி வையுங்கள். அனுப்பிப் பார்க்க மட்டும் ஜேபெக் போதும். திரையைச் சோதிக்க, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் ஒரு 16 பிட் சாம்பல் படத்தைத் திறந்து, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். இருட்டுப் பக்கத்தில் படிக்கட்டு தெரிந்தால் ஏழு வாசலில் ஒன்று குறுகலாக இருக்கிறது என்று பொருள்.

அந்தக் கோப்பை நூறு ஆண்டு கழித்துத் திறக்க ஒரு மென்பொருளும் வேண்டும். நிறுவனம் மூடினாலும், உரிமம் காலாவதியானாலும், யாரிடமும் கையேந்தாமல் திறக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். கட்டற்ற மென்பொருளில் இந்த ஆழம் மெதுவாக வந்தாலும் வந்து சேர்ந்தது நமக்கு நன்மை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

முடிவுரை

சித்தன்னவாசல் குகையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவன் அக்கோயிலைப் புதுக்கித் திருப்பணி செய்ததை அது பதிந்து வைத்திருக்கிறது. கோயிலை அவன் முதலில் குடையவில்லை. முன்பு யாரோ குடைந்ததை இவன் பழுது பார்த்து, மேலும் கொஞ்சம் சேர்த்து, பெயரைப் பொறித்தான். அதனால்தான் இன்று அவனை அறிகிறோம்.

கட்டற்ற மென்பொருளிலும் முறை இதுதான். 1984ல் பாஸ்டன் பக்கம் தொடங்கியதை, ஒருவர் ஒரு வரி, இன்னொருவர் பத்து வரி என்று உலகெங்கும் பலர் திருத்தி வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் செய்தவர் பெயரும் நாளும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவேட்டில் பெங்களூரிலிருந்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் இந்நகரில் எத்தனையோ ஆயிரம் பேர் இத்தொழிலில் இருக்கிறார்கள். மாதச் சம்பளத்துக்குச் செய்யும் வேலை போக, இப்படிப்பட்ட பொதுத் திருப்பணியில் ஒரு வரியாவது அவர்கள் பெயரில் இருக்கட்டும் என்பது இந்த வியாபாரியின் வேண்டுகோள்.

வாழ்க தமிழ். வளர்க நம் சங்கத்தின் அறப்பணி.